தம்பிக்கு ஒரு சம்மர் கேம்ப்

ஏப்ரல் கடைசியில் செமஸ்டர் முடிந்த அன்று கேன்டீனில் உட்கார்ந்து எல்லோரும் லீவு பிளான் பேசிக்கொண்டிருந்தோம். ஒருத்தி ஊட்டி, ஒருத்தி டைப்ரைட்டிங் கிளாஸ், ஒருத்தன் வழக்கம்போல தூக்கம். என்னைக் கேட்டபோது "தம்பிக்கு சம்மர் கேம்ப் பார்க்கணும்" என்றேன். "என்ன கேம்ப், நீச்சலா செஸ்ஸா?" என்றார்கள். "அந்த மாதிரி இல்ல" என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்தேன். அந்த "அந்த மாதிரி இல்ல"வுக்குப் பின்னால் இருப்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் அஞ்செட்டி. "ஓசூர் பக்கம்" என்று சொல்லியே பழகிவிட்டது, ஆனால் ஓசூர் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். தேன்கனிக்கோட்டையைத் தாண்டினால் காட்டு ரோடு. பொழுது சாய்ந்துவிட்டால் எதிரே வருகிற லாரிக்காரரிடம் "யானை நிக்குதாண்ணா?" என்று கேட்டுவிட்டுத்தான் பைக்கில் மேலே போவார்கள். கர்நாடக எல்லை பக்கம் என்பதால் எங்கள் தெருவிலேயே மூன்று பாஷை. வீட்டில் தமிழ். அப்பாவைப் பெற்றவர் கன்னடம், அதனால் அவர் எங்களுக்குப் பாட்டி இல்லை, அஜ்ஜி. பக்கத்து வீட்டில் தெலுங்கு. அப்பா ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் வேலை, வாரம் ஒருநாள்தான் வருவார்.

தம்பி எனக்குப் பதினோரு வருஷம் கழித்துப் பிறந்தவன். இப்போது எட்டு வயது. அவன் உட்கார்ந்தது, நடந்தது, பேசியது எல்லாமே லேட். "ஆம்பளப் பசங்க லேட்டாத்தான் பேசுவாங்க" என்று ஊரே சொன்னது. முதலில் சந்தேகப்பட்டது அங்கன்வாடி டீச்சர். 2013-ல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. திட்டத்தில் அங்கன்வாடிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் டாக்டர்கள் குழு வந்து குழந்தைகளைப் பார்க்கும், தெரியும் இல்லையா? அந்தக் குழு எழுதிக் கொடுத்த சீட்டில்தான் "வளர்ச்சித் தாமதம்" என்ற வார்த்தை முதல்முறை எங்கள் வீட்டுக்குள் வந்தது.

அந்த வார்த்தை மேல் எனக்கு இன்னும் கோபம் உண்டு. தாமதம் என்றால் அம்மாவுக்கு பஸ் தாமதம்தான் தெரியும். தேன்கனிக்கோட்டை பஸ் ஒரு மணி நேரம் லேட் ஆனாலும் வந்துவிடும். அதே மாதிரி இவனும் வந்து சேர்ந்துவிடுவான் என்று நாலு வருஷம் காத்திருந்தார்கள். ஐந்து வயது வரைக்கும்தான் டாக்டர்கள் அந்தப் பெயரை வைத்துக்கொள்வார்கள், அதற்கப்புறம் சோதித்துப் பார்த்து வேறு பெயர் எழுதுவார்கள் என்று யாரும் எங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்லவில்லை.

ஆறு வயதில் பெங்களூர் நிம்ஹான்ஸுக்குக் கூட்டிப் போனோம். அது ஓசூர் ரோட்டிலேயே இருப்பதால் எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு சேலம், சென்னையைவிட அதுதான் கிட்டம். அங்கே "லேசான அறிவுசார் குறைபாடு" என்று எழுதினார்கள். எனக்கு அன்றைக்கு மனதில் நின்றது வைன்லேண்ட் என்று ஒரு கேள்விப் பட்டியல். அமெரிக்காவில் நியூஜெர்சியில் வைன்லேண்ட் என்ற ஊரில் எட்கர் டால் என்பவர் 1935-ல் உருவாக்கியது, நாக்பூரில் இருந்த மாலின் என்பவர் அதை நம் நாட்டுக்கு ஏற்ற மாதிரி மாற்றினார் என்று பிற்பாடு படித்தேன். அதில் பிள்ளையிடம் கேட்க மாட்டார்கள், அம்மாவிடம் கேட்பார்கள். தானே பட்டன் போடுவானா? தெருவில் தனியாகப் போய் வருவானா? கடைக்குப் போய்ச் சின்னச் சாமான் ஏதாவது வாங்கி வருவானா?

கடைசிக் கேள்விக்கு அம்மா ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார்கள். அப்புறம் "இல்லீங்க" என்றார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில், "கடைக்குப் போயிட்டு வந்தாப் போதும் பாப்பா, அதுக்கு மேல நான் எதுவும் கேக்கல" என்றார்கள். தம்பி என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தான்.

சரி, கேம்ப் கதைக்கு வருகிறேன்.

போன வருஷம் கோடை லீவில் பெங்களூரில் ஒரு தனியார் சென்டரில் "சோஷியல் ஸ்கில்ஸ் சம்மர் புரோகிராம்" என்று சித்தி சொன்னார். சித்தி வீடு சந்தாபுராவில். இருபது நாள், பதினாறாயிரம் ரூபாய். அம்மா கம்மலை அடகு வைத்தார்கள். தினமும் காலையில் சித்தி வீட்டிலிருந்து பஸ், அப்புறம் ஆட்டோ. ஏசி ரூம், கலர் கலராக மேட், சுவரில் படங்கள். சொல்லிக் கொடுத்தவர்கள் நல்லவர்கள், அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. ஒருவரும் அவனைக் கத்தவில்லை. கை குலுக்குவது, "ஹாய், மை நேம் இஸ்..." சொல்வது, வரிசையில் நின்று தன் முறைக்குக் காத்திருப்பது, கடைக்குப் போவது எல்லாம் கற்றுக் கொடுத்தார்கள். கடை என்றால் மேஜை மேல் பிளாஸ்டிக் பழங்கள், விளையாட்டு நோட்டு. மேஜைக்கு அந்தப் பக்கம் ஒரு மிஸ் நின்று "ஹௌ மே ஐ ஹெல்ப் யூ?" என்பார். தம்பி "ஒன் ஆப்பிள் பிளீஸ்" என்பான். கடைசி நாள் பெற்றோர் முன்னால் அதைச் செய்து காட்டினான். அம்மா அழுதுவிட்டார்கள். நானும்தான்.

ஊருக்கு வந்த நாலாம் நாள் அம்மா அவன் கையில் இருபது ரூபாய் கொடுத்து, "கால் கிலோ சக்கர வாங்கிட்டு வா" என்று தெருமுனைக் கடைக்கு அனுப்பினார்கள். அரை மணி ஆச்சு. முக்கால் மணி ஆச்சு. அம்மாவுக்குக் கை கால் ஓடவில்லை. மெயின் ரோட்டில் லாரி போகிற ஊர். நான் செருப்பு கூடப் போடாமல் ஓடினேன்.

அவன் கடையில்தான் இருந்தான். கடைக்கு ரெண்டடி தள்ளி, கையைக் கட்டிக்கொண்டு, அழகாக நின்றிருந்தான். அவன் கற்றுக்கொண்டபடி தன் முறைக்குக் காத்திருந்தான்! எங்கள் ஊர்க் கடையில் வரிசை ஏது? ஒருத்தர் தோளுக்கு மேல் இன்னொருத்தர் கையை நீட்டி, "அண்ணா, ரெண்டு ஷாம்பு, ஒரு தீப்பெட்டி" என்று சத்தம் போட வேண்டும். யார் சத்தம் பெரிதோ அவருக்கு முதலில். கடைக்கார அண்ணன் யாரையும் "ஹௌ மே ஐ" என்று கேட்கப் போவதில்லை. "சும்மா நிக்கிறான்னு நெனச்சேன் பாப்பா" என்றார். அவர் மேலும் தப்பு இல்லை. தம்பி என்னைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே "அக்கா, வெய்ட்டிங்" என்றான்.

இருபது ரூபாய் நோட்டு வியர்வையில் நனைந்து போயிருந்தது.

அது மட்டும் இல்லை. தெருவில் யாரைப் பார்த்தாலும் கையை நீட்டி "ஹாய்" சொன்னான். ஆடு ஓட்டிக்கொண்டு போகிற தாத்தாவுக்கு, கோயில் பூசாரிக்கு, கபடி ஆடுகிற பையன்களுக்கு. பையன்கள் விடுவார்களா? ரெண்டே நாளில் அவனுக்கு "ஹாய் ஹாய்" என்று பட்டப்பெயர். அவன் அதைப் பாராட்டு என்று நினைத்து இன்னும் சத்தமாகச் சொன்னான். அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

அதற்கப்புறம் காலேஜ் லைப்ரரியில் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். (பரீட்சைக்கு இவ்வளவு படித்திருந்தால் அரியர் வந்திருக்காது :)) முக்கியமாக மூன்று விஷயம் கிடைத்தது.

2007-ல் அமெரிக்காவில் ஸ்காட் பெல்லினி என்பவரும் கூட இருந்தவர்களும், ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்குப் பள்ளிகளில் நடத்திய சமூகத் திறன் பயிற்சிகள் பற்றிய 55 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள். மொத்தத்தில் பலன் ரொம்பக் குறைவு. ஆனால் பிள்ளையைத் தனியாக வேறு அறைக்குக் கூட்டிப்போய்ச் சொல்லிக் கொடுத்ததைவிட, அவன் வழக்கமாக உட்காரும் வகுப்பிலேயே சொல்லிக் கொடுத்தது அதிகமாக ஒட்டியிருக்கிறது. என் தம்பிக்கு ஆட்டிசம் இல்லை, அதனால் அப்படியே அவனுக்குப் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் அதைப் படித்தபோது அந்த மேஜைக் கடைதான் கண் முன்னால் வந்தது.

இரண்டாவது, 2012-ல் கோனி காசரி என்பவர் லாஸ் ஏஞ்சலிஸில் 60 பிள்ளைகளை வைத்துச் செய்தது. இதுவும் ஆட்டிசம் பற்றியதுதான். சில பிள்ளைகளுக்கு நேரடியாகப் பயிற்சி. சிலருக்கு அவர்களைத் தொடவே இல்லை, அவர்கள் கூடப் படிக்கிற மற்ற பிள்ளைகளுக்குப் பயிற்சி! யார் தனியாக நிற்கிறார்கள் என்று கவனி, போய்ச் சேர்த்துக்கொள், எப்படிச் சேர்த்துக்கொள்வது என்று. வாரம் ரெண்டு முறை, ஆறே வாரம். கூடப் படிக்கிறவர்களுக்குச் சொல்லிக் கொடுத்த இடத்தில்தான் மாற்றம் அதிகம். நண்பன் என்று அவர்கள் பெயரை எழுதியவர்கள் கூடினார்கள், மைதானத்தில் தனியாக நிற்பது குறைந்தது. எனக்கு இது புது விஷயம். அதுவரைக்கும் பழுது தம்பியிடம் இருக்கிறது, ஒர்க்‌ஷாப்பில் விட்டு எடுக்க வேண்டும் என்கிற மாதிரிதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம்.

மூன்றாவது டேவிட் வெர்னர் என்பவர் எழுதி 1987-ல் வந்த ஒரு தடிப் புத்தகம். மெக்சிகோவில் ஒரு மலைக் கிராமத்தில் ஊர்க்காரர்களோடு வேலை செய்து எழுதியது. மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கு ஊரிலேயே, ஊர்ச் சாமான்களை வைத்து என்னென்ன செய்யலாம் என்று படம் போட்டுக் காட்டியிருக்கிறார். அதில் ஒரு பகுதி முழுக்க, குழந்தைகளை வைத்தே குழந்தைகளுக்கு உதவுவது பற்றி. அஞ்செட்டிக்காக எழுதினாரோ என்று தோன்றியது.

இந்த வருஷம் மார்ச் மாதமே போன் போட ஆரம்பித்துவிட்டேன். பெங்களூரில் மூன்று இடம், ஓசூரில் ரெண்டு. போன தடவை நாங்கள் கேட்டது ரெண்டே கேள்வி: எவ்வளவு ஃபீஸ், எப்போ ஆரம்பம். இந்தத் தடவை ஒரு நோட்டு. சொல்லிக் கொடுப்பவர்கள் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்தவர்களா (1992-ல் இதற்குச் சட்டமே வந்துவிட்டது, ஸ்பெஷல் டீச்சர், ஸ்பீச் தெரபிஸ்ட் எல்லோரும் பதிவு செய்திருக்க வேண்டும், நம்பரைத் தயங்காமல் கேட்கலாம்). ஒரு டீச்சருக்கு எத்தனை பிள்ளைகள். அம்மா உள்ளே உட்கார்ந்து பார்க்கலாமா. எந்த பாஷை. கேம்ப் முடிந்த மறுநாள் வீட்டில் என்ன செய்யணும் என்று எழுதித் தருவீர்களா.

ஒரு இடத்தில் "ஒரே சம்மர்ல நார்மல் ஆக்கிடலாம்" என்றார்கள். நன்றி சொல்லி வைத்துவிட்டேன். இன்னொரு இடத்தில், "வீட்ல மூணு பாஷை பேசினா பையனுக்குக் குழப்பம், எல்லாத்தையும் நிறுத்திட்டு இங்கிலீஷ் மட்டும் பேசுங்க" என்றார்கள். இதை முதலில் அம்மா நம்பிவிட்டார்கள். ரெண்டு நாள் அஜ்ஜியைப் பேரனிடம் பேச விடவில்லை. அஜ்ஜிக்குக் கன்னடம் தவிர வேறு எதுவும் வராது. அவர் திண்ணையில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்ததைப் பார்க்க எனக்கு மனசு கேட்கவில்லை. மறுபடியும் தேடிப் படித்தேன். கனடாவில் 2005-ல் டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். ரெண்டு பாஷை கேட்டு வளர்ந்தவர்கள், ஒரே பாஷை கேட்டு வளர்ந்தவர்களைவிட இங்கிலீஷில் எந்த விதத்திலும் பின்தங்கவில்லை. அதை அம்மாவிடம் சொன்னேன். அம்மா, "அப்படியா? அப்ப அவங்க ஏன் அப்படிச் சொன்னாங்க?" என்றார்கள். எனக்குத் தெரியவில்லை. ஆனால் அன்று ராத்திரி அஜ்ஜி களி உருண்டை பிடித்து "பாரோ கந்தா" என்று கூப்பிட்டதும் அவன் ஓடிப்போய் மடியில் உட்கார்ந்தான்.

இவ்வளவும் படித்துவிட்டு நான் ஒரு முடிவோடு இருந்தேன். இந்த வருஷம் வெளியூர் கேம்ப் வேண்டாம், எல்லாம் அஞ்செட்டியிலேயே. பெரிய அறிவாளி மாதிரி அம்மாவிடம் சொன்னேன். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. பெங்களூர்தான் வேண்டும் என்றார்கள். "போன தடவை என்ன ஆச்சுன்னு பார்த்தே இல்ல?" என்று கொஞ்சம் கத்திவிட்டேன்.

அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள். திரும்பாமலே சொன்னார்கள்: "அங்க வெளிய பெஞ்சுல பத்து அம்மாங்க உக்காந்திருப்போம் பாப்பா. யாரும் யாரையும் 'உன் புள்ளைக்கு என்ன'ன்னு கேக்க மாட்டாங்க. இங்க அந்த மாதிரி ஒருத்தி கூட எனக்கு இல்ல."

இருபது நாளும் அம்மாவோடு போய் வந்தவள் நான். அந்த பெஞ்சை நானும் பார்த்திருக்கிறேன். காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு பக்கத்துத் திட்டில் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பதினாறாயிரத்தில் பாதி அந்த பெஞ்சுக்குத்தான் போயிருக்கிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை. என் நோட்டில் இருந்த கேள்விகளில் அம்மாவைப் பற்றி ஒன்று கூட இல்லை.

கடைசியில் முடிவு செய்தது இது. ஓசூரில் ஒரு சின்ன சென்டர், வாரம் ரெண்டு நாள் காலையில் மட்டும், ஆறு பிள்ளைகள், அம்மாக்கள் உள்ளேயே இருக்கலாம், மாதம் மூவாயிரம். போக வர நாலு மணி நேரத்துக்கு மேல் பஸ், அது கஷ்டம்தான். ஆனால் அங்கே வருகிறவர்கள் கெலமங்கலம், தேன்கனிக்கோட்டைப் பக்கத்து ஜனங்கள், லீவு முடிந்த பிறகும் சந்திக்கலாம். மீதி நாட்கள் எங்கள் தெருவில். வட்டார வள மையத்திலிருந்து பள்ளிக்கு வருகிற சிறப்புப் பயிற்றுநர் மேடத்திடம் கேட்டேன். லீவு என்று தட்டிக் கழிக்காமல் ஒருநாள் வீட்டுக்கே வந்து, "நாலஞ்சு பசங்க போதும், கூட்டம் சேர்க்காதே. ஒரே விளையாட்டு, தினமும் ஒரே நேரம். ஜெயிக்கணும்னு இல்ல, அவன் முறை வரும்போது அவன் இருக்கணும், அவ்வளவுதான்" என்று சொல்லிக் கொடுத்தார். நிராமயா என்று மத்திய அரசின் காப்பீடு இருக்கிறது, தெரபி செலவுக்கும் உதவும், வருஷத்துக்கு ஒரு லட்சம் வரை, அதற்கு எழுதிப் போடுங்கள் என்று சொன்னதும் அவர்தான். எட்டு வருஷத்தில் அதை எங்களுக்குச் சொன்ன முதல் ஆள்.

முதல் நாள் "ஹாய் ஹாய்" பையன்கள் நாலு பேரையும், தெலுங்கு வீட்டுப் பெண்ணையும் புளிய மரத்தடிக்குக் கூப்பிட்டேன். ஆளுக்கு ஒரு மாங்காய் பத்தை லஞ்சம். "புது விளையாட்டு சொல்லித் தரேன்" என்று சொல்லி, வேகவேகமாக, புஸ்புஸ் என்று இங்கிலீஷிலேயே ரூல்ஸ் சொன்னேன். முடித்துவிட்டு "ம், ஆடுங்க!" என்றேன். முழித்தார்கள். "என்னடா, இது கூடப் புரியலையா? மறுபடி சொல்றேன்" என்று இன்னும் வேகமாகச் சொன்னேன். ஒருத்தன் மூஞ்சி சிவந்துவிட்டது. இன்னொருத்தன் "போக்கா, நான் வீட்டுக்குப் போறேன்" என்று எழுந்தான்.

"என் தம்பிக்கு தினமும் இப்படித்தான்டா இருக்கும்" என்றேன்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் அந்தத் தெலுங்குப் பெண், "மெதுவாச் சொன்னா அவனுக்குப் புரியுமாக்கா?" என்று கேட்டாள். அன்றைக்கே எல்லாம் மாறிவிட்டது என்று கதை விட மாட்டேன். அதில் ஒருத்தன் மறுநாள் வரவே இல்லை. ஆனால் மற்றவர்களோடு ஏழு கல் தொடங்கினோம். கல் அடுக்குவது மட்டும் தம்பி வேலை. முதல் வாரம் அடுக்கின கல்லை அவனே காலால் தட்டிவிட்டுச் சிரித்தான். மூன்றாவது வாரம், அவன் தட்டுவதற்கு முன்னால் அந்தப் பெண் "ஆகு ஆகு" என்று தெலுங்கில் சொல்ல, நின்றான். பந்து வருகிற வரைக்கும் நின்றான். அன்று அம்மா வீட்டு வாசலில் முறத்தோடு உட்கார்ந்து அரிசியைப் பார்க்காமல் இவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கடையையும் விடவில்லை. இந்தத் தடவை நிஜக் கடை, நிஜக் கூட்டம், சாயங்காலம் ஆறு மணி. முதலில் நான் பக்கத்தில், அப்புறம் ரெண்டடி தள்ளி, அப்புறம் எதிர்ப்புறம் மரத்துக்குப் பின்னால். கடைக்கார அண்ணனிடமும் சொல்லி வைத்தேன்: "அவன் கேட்டா மட்டும் குடுங்க, நீங்களா கேக்காதீங்க." பத்துப் பன்னிரண்டு நாள் பிடித்தது. ஒருநாள் ஒரு பெரியவர் முழங்கைக்கு அடியில் தலையை நுழைத்து, தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி "அண்ணா! சக்கர!" என்று கத்தினான். சர்க்கரையும் வந்தது, மீதிச் சில்லறையும் வந்தது. மரத்துக்குப் பின்னால் நான் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்ததைப் பார்த்து ஒரு பாட்டி முறைத்துவிட்டுப் போனார்.

ஓசூர் சென்டரில் அம்மாவுக்கு ரெண்டு சிநேகிதி கிடைத்திருக்கிறார்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் அந்த போன் எங்கேஜ்தான். சித்தி கூப்பிட்டால் கூட எடுப்பதில்லை.

இப்போது ஜூன், பள்ளிக்கூடம் திறந்தாச்சு. போன சனிக்கிழமை அம்மா தம்பியைக் கூட்டிக்கொண்டு ரேஷன் கடைக்குப் போனார்கள். முப்பது பேர் வரிசையில் நிற்கிறார்கள். இவன் அம்மா கையை உதறிவிட்டு, எல்லோரையும் தாண்டி நேரே முன்னால் போய், தராசுக்குப் பக்கத்தில் நின்று, முழுத் தொண்டையில் "அண்ணா! சக்கர!" என்று கத்தியிருக்கிறான். வரிசையில் இருந்தவர்கள் சத்தம் போட, அம்மா அவனைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து கடைசியில் நிறுத்தியிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து என்னைத்தான் திட்டினார்கள்: "நீதானே கத்துன்னு சொல்லிக் குடுத்தே? இப்ப நீயே போய் வரிசைன்னா என்னன்னு சொல்லிக் குடு."

நாளைக்கு ரேஷன் கடைக்குப் போகிறோம். தம்பி, நான், அந்தத் தெலுங்கு வீட்டுப் பெண்.